சின்ன டிராக்டர் ஹீட் ஆகிறதா? ஹெட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

பங்குனி வெயில் ஏறத் தொடங்கினால் உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத் தோப்புகளில் அங்கங்கே ஒரு சின்ன டிராக்டர் பானெட்டைத் திறந்தபடி நிற்பதைப் பார்க்கலாம். முன்னால் ஆவி பறக்கும். ஓட்டுகிறவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடுவார். பழைய வண்டியை வாங்கி முதல் கோடையைச் சந்திக்கிறவருக்கு இது வயிற்றைக் கலக்கும். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

15 முதல் 27 குதிரைத்திறன் வரை உள்ள, தண்ணீரால் குளிரும் டீசல் வண்டிகளுக்கு இது பொருந்தும். ஒற்றை சிலிண்டர் மஹிந்திரா யுவராஜ் 215 ஆனாலும், மூன்று சிலிண்டர் சக்தி எம்.டி. 180 டி ஆனாலும் சூடு வெளியேறும் வழி ஒன்றுதான். எஞ்சினிலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து ரேடியேட்டர் தகட்டுக்கு, தகட்டிலிருந்து காற்றுக்கு. இதில் எங்கோ ஓரிடத்தில் தடை விழுந்தால் டெம்பரேச்சர் மீட்டரின் முள் ஏறுகிறது. என் அனுபவத்தில் அந்தத் தடை பெரும்பாலும் கைக்கு எட்டும் இடத்தில், ஐந்நூறு ரூபாய்க்குள் முடிகிற இடத்தில் இருக்கும். அதனால் வெளியிலிருந்து உள்ளே போங்கள். செலவில்லாததை முதலில் பாருங்கள். அந்த வரிசையை மீறி நான் பட்டதைப் பின்னால் சொல்கிறேன்.

முள் சிவப்பைத் தொட்ட அந்த நிமிடம்

மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டரைத் தூக்குங்கள், அதைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டை விடுங்கள், வண்டியை நிழலுக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீர் வெளியே கொட்டவில்லை, ஃபேன் சுற்றுகிறது என்றால் உடனே எஞ்சினை அணைக்க வேண்டாம். ஐந்து நிமிடம் மெதுவான ஓட்டத்தில் விடுங்கள். அணைத்தால் தண்ணீர் ஓட்டமும் காற்றும் ஒரே நேரத்தில் நின்று, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் தேங்கிய சூடு போக வழியில்லாமல் அங்கேயே கொதிக்கும். ஆனால் ஃபேன் பெல்ட் அறுந்திருந்தாலோ, ஹோஸ் வெடித்துத் தண்ணீர் போயிருந்தாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ அந்த நொடியே அணைத்துவிடுங்கள்.

முள் ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று கீழே இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். தண்ணீர் முழுக்க வெளியேறிய வண்டியிலும் முள் இறங்கிக் காட்டுவதுண்டு. அதை நம்பி இன்னும் இரண்டு சால் ஓட்டினவர்கள் பிஸ்டன் வரைக்கும் மாற்றியிருக்கிறார்கள்.

ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி போட்ட ரேடியேட்டருக்குள் அதே தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கி நிற்கும். மூடியைத் திறந்த அந்தக் கணம் அழுத்தம் போய்விடுகிறது. அடங்கியிருந்த தண்ணீர் சட்டென்று கொதித்து, ஆவியும் வெந்நீருமாக முகத்துக்கு வரும். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறட்டும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கினால் தொளதொளவென்று அமுங்க வேண்டும். அப்புறம் ஈரச் சாக்கை மடித்து மூடிமேல் போட்டு, முதல் கட்டம் வரை திருப்பி, சீறல் அடங்கும்வரை காத்திருந்து முழுதும் திறங்கள்.

சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். ஹெட் வார்ப்பு விரிசல் விடுவது இப்படித்தான். அவசரம் என்றால் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, வெதுவெதுப்பான தண்ணீராகச் சேருங்கள்.

சூடு உண்மைதானா?

பழைய வண்டியில் மீட்டரே பொய் சொல்லலாம். சாவியைத் திறந்து வைத்துக்கொண்டு சென்சார் வயரைக் கழற்றுங்கள். முள் குளிர் பக்கம் போக வேண்டும். கழற்றிய பிறகும் சூட்டிலேயே நின்றால், வயர் எங்கோ உரசி பாடியில் தொடுகிறது. இது பெரும்பாலான பழைய மீட்டர்களுக்குப் பொருந்தும் சோதனை. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அந்த மாதிரி துப்பாக்கி வடிவ டெம்பரேச்சர் கருவி எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கிறது. 100 டிகிரிக்கு மேலும் காட்டும், தொழிற்சாலைக்கான ரகமாகக் கேட்டு வாங்குங்கள். உடம்புச் சூடு பார்க்கும் ரகம் இதற்கு உதவாது. எஞ்சின் சூடானபின் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டின் கூட்டின்மேல் காட்டினால் உண்மை தெரிந்துவிடும். அந்தக் கருவி இன்னும் இரண்டு இடத்தில் கைகொடுக்கும்.

காற்று: முதலில் இதைத்தான் பாருங்கள்

பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் வலையை உருவுங்கள். பல வண்டிகளில் அது சறுக்கி வெளியே வரும்; வரவில்லை என்றால் இரண்டு போல்ட். வலை சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வலையைத் தாண்டிப் போன தூசு ரேடியேட்டர் முகத்தில்தான் ஒட்டும். தென்னந்தோப்பில் ஓடின ஒரு வண்டியில் நான் விரலை விட்டுச் சுரண்டியபோது, பழைய கம்பளித் துண்டு போல ஒரு படலம் உரிந்து வந்தது. பன்னாடை நார், புல் பூ, செம்மண், அதற்குமேல் டீசல் கசிவு பட்டு எல்லாம் அப்பளம் மாதிரி இறுகியிருந்தது. உரித்த இடத்தில் தகடு பளபளவென்று இருந்தது. ஓட்டுகிறவர் தினமும் வலையைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார். பின்னால் இப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

சுத்தம் செய்வதில் திசை முக்கியம். ஃபேன் காற்றை முன்னாலிருந்து எஞ்சின் பக்கம் இழுக்கிறது. தூசும் அப்படியே உள்ளே போகிறது. நீங்கள் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக ஊத வேண்டும். முன்னாலிருந்து ஊதினால் தூசு இன்னும் ஆழமாக இறுகும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் போதும். முனையை ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத்தூள் கரைசலைத் தெளித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு, சாதாரண ஹோஸ் தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டே வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்று வழி நிரந்தரமாக அடைபடும். ஏற்கெனவே மடிந்த தகடுகளைப் பழைய வெண்ணெய்க் கத்தியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தலாம். ஒரு மணி நேர வேலை, செய்தால் பலன் தெரியும்.

வலையைத் திரும்பப் போட்டபின் எஞ்சினை ஓட்டி, அரைத்தாள் தினசரியை வலைமுன் பிடியுங்கள். தாள் இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை என்றால் ஃபேனைப் பாருங்கள். இறக்கை உடைந்திருக்கலாம். முன்னால் வேலை பார்த்தவர் ஃபேனைத் திருப்பிப் போட்டிருக்கலாம். அப்போதும் காற்று அதே திசையில்தான் வரும், ஆனால் இழுப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஃபேனைச் சுற்றியிருக்கும் கூட்டை இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டிருப்பார்கள். அந்தக் கூடு இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கவாட்டில் இருக்கும் சூட்டுக்காற்றையே சுழற்றும். கூடு கிடைக்கவில்லை என்றால் தகரத்தில் அடித்தாவது போடுங்கள்.

பெல்ட்டை இரண்டு புல்லிக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. அமுங்கலாம். அதற்குமேல் தொய்ந்தால் வழுக்கும். புல்லியின் பள்ளத்தில் பெல்ட் அடியைத் தொட்டுக்கொண்டு பளபளவென்று இருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது, மாற்றுங்கள். மிகையாக இறுக்கினால் வாட்டர் பம்ப் பேரிங் போகும்.

தண்ணீர்: அளவும் தரமும்

ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் மேல் தொட்டியில் குழாய்களை மூடி நிற்க வேண்டும். பழைய ஜப்பானியச் சிறு டிராக்டர்கள் சிலவற்றில் வாட்டர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏற, ஆறின தண்ணீர் கீழே இறங்க, அந்தச் சுழற்சியிலேயே எஞ்சின் குளிரும். அப்படிப்பட்ட வண்டியில் மட்டம் குழாய்களுக்குக் கீழே இரண்டு விரல் இறங்கினால் சுழற்சி அறுந்துவிடும். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தும் கொதிக்கும். உங்கள் வண்டி எது என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

மட்டம் குறைகிறது என்றால் போகிற வழியைக் கண்டுபிடியுங்கள். ஹோஸ் கிளிப்புகளில் வெள்ளைத் தடம், வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்னத் துளையில் சொட்டு, ரேடியேட்டர் பற்றவைப்பு ஓரத்தில் பச்சைக் களிம்பு. அந்தச் சின்னத் துளையை எம்சீல் வைத்து அடைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது சீல் தேய்ந்ததைச் சொல்வதற்காகவே வைத்த துளை. அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும்.

ஒழுகலுக்கு மஞ்சள் தூள் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. நடுக்காட்டில் நின்றுவிட்ட வண்டியை வீடு கொண்டுவந்து சேர்க்க ஒரு கரண்டி போடலாம், நானும் போட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் முழுதும் கழுவி எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் ஓட்டையை அடைத்த அதே மஞ்சள் குழாயையும் அடைக்கும்.

மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தாலோ அழுத்தம் நிற்காது. 118 வரை தாங்க வேண்டியது 100-லேயே பொங்கும். புது மூடி வாங்கும்போது பழையதன்மேல் பொறித்திருக்கும் அழுத்த எண்ணையே கேட்டு வாங்குங்கள். அதிக அழுத்த மூடி நல்லது என்று நினைத்துப் போட்டால் பழைய ரேடியேட்டர் பற்றவைப்பில் பிரிந்துவிடும்.

தரத்துக்கு வருவோம். நம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் சப்பைத் தண்ணீர், அதாவது கடினநீர். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு எஞ்சினுக்குள்ளும் படியும். அந்தப் படிவம் சூட்டைச் சரியாகக் கடத்தாது. வருடக்கணக்காகக் குடத்துத் தண்ணீர் ஊற்றிய வண்டியில் ரேடியேட்டர் குழாய்கள் பாதி மூடியிருக்கும். இங்கேதான் டெம்பரேச்சர் கருவியை எடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடானபின் அணைத்து, ரேடியேட்டர் முகம் முழுக்க வரிசையாகக் காட்டுங்கள். சூடு மேலிருந்து கீழாகச் சீராகக் குறைந்து வர வேண்டும். நடுவில் திட்டுத்திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அங்கே தண்ணீர் போகவில்லை.

லேசான படிவத்துக்குச் சிட்ரிக் ஆசிட் போதும். பழைய தண்ணீரை வடித்துவிட்டு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வைத்து, லிட்டருக்கு 50 கிராம் கரைத்து ஊற்றி, சூடேறியபின் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். ஆறவிட்டு வடித்தால் காப்பி நிறத்தில் வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். கடைசிக்கு முன் அலசலில் ஒரு கைப்பிடி சமையல் சோடா சேர்த்தால் மிச்ச அமிலம் அடங்கும். பாத்ரூம் ஆசிட்டை மட்டும் ஊற்றாதீர்கள். அலுமினிய ரேடியேட்டரையும் ஹெட்டையும் அது தின்றுவிடும். வடித்த தண்ணீரில் கூலன்ட் கலந்திருந்தால் ஆடு, மாடு, நாய் நக்கும் இடத்தில் ஊற்றக் கூடாது. அது இனிக்கும், விஷம்.

கெட்டியான படிவம் என்றால் ரேடியேட்டரைக் கழற்றி டவுனில் ரேடியேட்டர் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பித்தளை ரேடியேட்டராக இருந்தால் மேல்தொட்டியைப் பிரித்துக் குழாய் குழாயாகக் கம்பி விட்டுத் தருவார்கள். திரும்ப வாங்கும்போது கீழ்வாயைக் கையால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, சட்டென்று கையை எடுங்கள். குபுகுபுவென்று கொட்ட வேண்டும்.

கீழ் ஹோஸ்: நான் தவறவிட்டது

நான்கு வருடத்துக்கு முன் எங்கள் வண்டி சும்மா ஓடும்போது குளிர்ந்தே இருக்கும். ரோட்டாவேட்டர் போட்டு அரை மணி நேரத்தில் கொதிக்கும். ரேடியேட்டர் சுத்தம், பெல்ட் புதுசு. கேட்ட இடத்தில் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் தகடு போயிருக்கும் என்றார்கள். நானும் வேறெதையும் பார்க்காமல் கழற்றச் சொல்லிவிட்டேன். லேத்தில் ஹெட்டைச் சமமாகச் சீவும் ஃபேசிங், கேஸ்கெட் செட், கூலி எல்லாம் சேர்ந்து பதினான்காயிரம். மழை பெய்து பதம் இருந்த ஒரு வாரமும் போயிற்று. பூட்டிய மறுநாளே அதே அரை மணியில் கொதித்தது.

கடைசியில் ரேடியேட்டர் கடைப் பெரியவர் ஒருவரிடம் வண்டியோடு போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. எஞ்சின் சூடாகும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னை ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். "தம்பி, இறங்கி வந்து இதைப் பாருங்க" என்றார். மகனை ரேஸைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நானும் குனிந்தேன். வேகம் ஏற ஏறக் கீழ் ஹோஸின் நடுப்பகுதி பட்டினி கிடந்த வயிறு மாதிரி உள்ளே ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கச் சுவரும் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு. ரேஸைக் குறைத்ததும் ஒன்றுமே நடக்காதது போலப் புடைத்துக்கொண்டது.

கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கம். அது ஒட்டாமல் இருக்க உள்ளே ஒரு சுருள் கம்பி இருக்கும். எங்கள் ஹோஸில் அந்தக் கம்பி துருப்பிடித்துக் கரைந்தே போயிருந்தது. வேகம் கூடும்போது பம்ப் வெற்றிடத்தை இழுக்க, தண்ணீர் தேவைப்படும் நேரத்தில்தான் வழி மூடியது. புது ஹோஸ் முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அன்றிலிருந்து யார் வண்டி ஹீட் என்றாலும் கீழ் ஹோஸையும் தவறாமல் சூட்டோடு, வேகத்தோடு பார்க்கிறேன். ஆறிக் கிடக்கும் வண்டியில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. பார்க்கும்போது வேட்டி, துண்டு, கை எதுவும் ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட்

"அதைக் கழட்டிப் போட்டுடுங்க, நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு" என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத டீசல் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். டீசல் கூடும், கரி படியும், சிலிண்டர் தேயும். சில எஞ்சின்களில் அது பைபாஸ் வழியையும் மூடித் திறக்கிறது. அங்கே அதைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றிச் சூடு கூடவே செய்யும்.

சோதிப்பது எளிது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். அதன்மேல் எண் பொறித்திருக்கும். சின்ன டீசல்களில் 71 அல்லது 82 டிகிரி சகஜம். தெர்மாமீட்டர் அந்த எண்ணைத் தொடும்போது வாய் திறக்கத் தொடங்கி, தண்ணீர் தளதளக்கும்போது நன்றாக விரிந்திருக்க வேண்டும். திறக்கவில்லை, அல்லது தூக்கி ஆறவிட்டும் மூடவில்லை என்றால் புதியது போடுங்கள். போடும்போது ஸ்பிரிங் உள்ள பக்கம் எஞ்சினை நோக்க வேண்டும்.

எஞ்சினே சூட்டைக் கூட்டுகிறதா?

ஓட்டும் விதத்தையும் கேட்டுப் பாருங்கள். டீசலை மிச்சம் பிடிக்கிறோம் என்று பெரிய கியரில், குறைந்த வேகத்தில், எஞ்சின் முனகி முனகி இழுக்க ஓட்டினால் சுமை முழுதும் இருக்கும். ஃபேனும் பம்பும் மட்டும் மெதுவாகச் சுற்றும். சின்ன கியர் போட்டு, பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுவதற்கு உரிய எஞ்சின் வேகத்தில் ஓட்டுங்கள். காய்ந்த கட்டி நிலத்தில் ஒரே ஓட்டில் ஆழம் பிடிக்காமல், மேலாக ஒருமுறை, பிறகு ஆழமாக ஒருமுறை. புகை கறுப்பாக வந்தால் ஏர்கிளீனரைத் திறங்கள். ஆயில் தொட்டி வகையாக இருந்தால் அடியில் சேறு உறைந்திருக்கும். எஞ்சின் ஆயில் மட்டத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகுதான் ஹெட்

கேஸ்கெட் போனதா என்று கழற்றாமலே தெரிந்துகொள்ள வழி உண்டு. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஃபேன் பெல்ட்டைத் தளர்த்தி எடுத்துவிடுங்கள், பம்ப் தண்ணீரைக் கலக்காமல் இருப்பதற்கு. ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, மூடி போடாமல் எஞ்சினை ஒரு நிமிடத்துக்குள் மட்டும் ஓட்டுங்கள். முதலில் ஒன்றிரண்டு குமிழி வரலாம். நிற்காமல் வரிசையாகக் குமிழி எழும்பி, அதில் டீசல் புகை வாடை அடித்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் வருகிறது. ஆயில் அளவுக்குச்சியில் மோர் மாதிரி வெளுத்திருப்பது, சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காதது, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதுமே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, இவையும் அதே கதைதான்.

இந்த அடையாளம் இருந்தால் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். லேத்துக்குக் கொண்டுபோகும் முன் நேர்க்கட்டையும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்து, நீளவாட்டிலும் மூலைக்கு மூலையும் வளைவு பாருங்கள். பல சின்ன எஞ்சின்களுக்கு 0.05 மி.மீ. தான் எல்லை. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. பூட்டும்போது போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். கை மதிப்பில் இறுக்கினால் அடுத்த கோடையில் மறுபடியும் இதே வேலை.

திரும்ப நிரப்புவது

கூலன்ட்டும், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து வையுங்கள். நம் ஊரில் உறைபனி இல்லையே என்று கேட்கலாம். கூலன்ட்டில் உள்ள துரு தடுப்பு மருந்துக்காகவும் கொதிநிலை உயர்வதற்காகவும்தான் அது வேண்டும். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். மேல் ஹோஸை அவ்வப்போது பிசைந்துவிட்டால் உள்ளே சிக்கிய காற்று கொடகொடவென்று வரும். மூடி போடாமல் எஞ்சினை ஓட்டி, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் சட்டென்று இறங்கும்வரை நின்று பாருங்கள். இறங்கியதை நிரப்பி மூடியைப் போடுங்கள்.

முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் ரோட்டாவேட்டர் ஓட்டி, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டிலும் டெம்பரேச்சர் கருவியைக் காட்டி எண்ணை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மறுநாள் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹோஸ் கிளிப்புகளை இன்னொரு அரைச்சுற்று இறுக்கி, மட்டம் பார்த்து, குறைந்ததை ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள்.